சோதினை அறைக்குள் வந்த கலியாணக் காட்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எனக்குச் சோதினை. அறுபத்தொன்பது வயதில். சிரிக்கிறவை இப்பவே சிரித்து முடியுங்கோ.

குடும்ப வாழ்க்கைக் கல்வியாளர் என்று ஒரு சேர்ட்டிபிக்கற் இருக்கிறது. அதை எடுக்கத்தான் சோதினை. எட்டு வருசமாக ஒரு சமூக நிலையத்தில் சனி பின்னேரங்களில் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளோடு கொழுவுப்பட்ட தாய்தகப்பன், முகம் பார்த்துக் கதைக்காத புருசன் பெண்சாதி, இப்படியான ஆட்களுக்கு. சம்பளம் இல்லை. ஆனால் கிழமையில் அந்த இரண்டு மணித்தியாலம்தான் நான் சொல்வதை மனிசர் கேட்கிறார்கள். வீட்டில் அந்த வசதி கிடையாது.

நிலையத்தில் மனேச்சராக இருக்கிற பிள்ளை போன மாதம் கூப்பிட்டுச் சொன்னா.

"அங்கிள், ஜனவரியிலை இருந்து சேர்ட்டிபிக்கற் இருக்கிற ஆக்கள்தான் கிளாஸ் எடுக்கலாம். நியூ பொலிஸி."

"எட்டு வருசம் எடுத்தது?"

"தாங்க் யூ, அங்கிள்."

பட்டத்தைக் காட்டி, அனுபவக் கடிதம் காட்டி விண்ணப்பித்தேன். வருசம் முடியமுன் மிச்சமிருந்தது ஒரேயொரு சோதினைத் தவணை. இதை விட்டால் வகுப்பு போச்சு.

சோதினை வீட்டிலிருந்தே, கொம்பியூட்டரில். மூன்று மணித்தியாலம். கமராவால் ஒருத்தி பார்த்துக்கொண்டிருப்பா. கதைக்கக்கூடாது. கமராவை விட்டு விலகக்கூடாது. அறைக்குள் வேறு ஆள் வரக்கூடாது. மூன்று தரம் பிழைவிட்டால் ஆள் வெளியே.

என்ர மனுசி பூமணியிடம் சொன்னேன்.

"மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருத்தரும் அறைக் கதவைத் திறக்கக்கூடாது."

"தேத்தண்ணி?"

"வேண்டாம்."

"தேத்தண்ணி வேண்டாமோ? உங்களுக்கோ?"

அதிலேயே என்ர நம்பிக்கை பாதி போய்விட்டது.

எங்கள் அப்பாட்மென்றில் கதவு சாத்தக்கூடிய, ஆள் படுக்காத அறை ஒன்றுதான். சாமியறை. மேசையை அங்கே இழுத்துப் போட்டேன்.

பத்துக்குச் சரியாகக் குரல் வந்தது. இங்கிலீசில். நல்ல மரியாதை. அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னா. காட்டினேன்.

"ஐயா, சுவரில் எழுத்து இருக்கிறது."

"அது கோயில் கலண்டர்."

"எடுத்துவிடுங்கள்."

எடுத்தேன்.

"அந்தப் படத்தில் யானை முகத்தோடு இருப்பவரின் கையில் என்ன?"

"மோதகம்."

"சாப்பாடா? அறைக்குள் சாப்பாடு கூடாது."

"படத்திலை இருக்கு, பிள்ளை."

"படங்களை மூடிவிடுங்கள், ஐயா."

பூமணியின் சீலை ஒன்றை எடுத்து வந்து மூடினேன். கதவடியில் நின்ற பூமணி பார்த்துவிட்டா.

"பிள்ளையாரை மூடிப்போட்டே சோதினை எழுதப் போறியள்?"

"கதவைச் சாத்து."

"உருப்பட்ட மாதிரித்தான்!"

சோதினை தொடங்கியது. கேள்விகள் பரவாயில்லை. பதினோராவதில் குரல் வந்தது.

"ஐயா, உதடு அசைகிறது. முதலாவது எச்சரிக்கை."

வாய்விட்டுப் படித்துப் பாடமாக்கின ஆட்கள் நாங்கள். மனதுக்குள் வாசித்தால் எனக்கு விளங்காது. இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு மிச்சத்தை வாசித்தேன். பல்லுக்கொதிக்காரன் மாதிரி.

நாற்பதாம் கேள்வி மட்டில் வெளிக்கதவு தட்டிக் கேட்டது.

"ஐயோ, அண்ணை! அண்ணி! வாங்கோ, வாங்கோ!"

பூமணியின் குரல். பதினேழு மாடிக்கும் கேட்டிருக்கும்.

"ஐயா, அறைக்குள் வேறு குரல் கேட்கிறது. இரண்டாவது எச்சரிக்கை."

அறைக்குள் இல்லை, வெளியிலை என்று சொல்ல வேண்டும். சொன்னால் அது மூன்றாவது.

வந்தது பூமணியின் தமையன் குணம், ஒஷாவா நகரத்திலிருந்து, தன்ர மனுசியோடு. என்ர மச்சான். எங்கள் இரண்டு பேருக்கும் ஆறு வருசமாகக் கதைபேச்சில்லை.

காரணத்தையும் சொல்கிறேன். மச்சான் தன்ர மூத்த மகளின் கலியாணத்துக்கு எங்களுக்கு வட்ஸ்அப்பில் அழைப்புக் காட் அனுப்பினார். நான் போகவில்லை. பூமணியையும் விடவில்லை. கேட்ட ஆட்களுக்கெல்லாம் சொன்னேன்: "வீடு தேடி வந்து, புருசன் பெண்சாதியைச் சோடியா நிக்க வைச்சு, கையிலை தந்தாத்தான் கலியாணம் சொன்னது. மற்றது விளம்பரம்."

அது ஒஷாவா வரைக்கும் போயிருக்கிறது.

"பிள்ளை, இளையவளுக்குக் கலியாணம்," மச்சானின் குரல். "ராகுகாலம் முடியட்டும் எண்டு கீழை காருக்கை இருந்திட்டு வாறம். மச்சான் எங்கை?"

"உள்ளை சோதினை எழுதுறார் அண்ணை."

"இந்த வயசிலையோ? என்னத்திலை சோதினை?"

"குடும்பம் நடத்துறது பற்றி."

"இவரோ?" என்றா மச்சானின் மனுசி.

"என்னட்டைத் தாங்கோ அண்ணை, நான் குடுக்கிறன்."

"வேண்டாம் பிள்ளை. ஒருக்கால் பட்டது காணும். சோடியா நிண்டுதான் வாங்கவேணும். கோயிலுக்கு அடுத்த காட் உங்களுக்குத்தான். இதைக் குடுக்காமல் மற்ற வீடு போக ஏலாது. மார்க்கம் ரவுணிலை ஒன்பது வீடு பாத்துக்கொண்டிருக்கு."

அப்போது திரையில் நின்ற கேள்வி இது: நெடுங்காலம் பேசாதிருந்த உறவினர் தாமாகவே நெருங்கி வந்தால், குடும்பத்தவருக்கு நீங்கள் கூறும் முதல் ஆலோசனை எது?

விடை எனக்குத் தலைகீழ்ப் பாடம். எட்டு வருசமாகச் சனிக்கிழமைகளில் சொல்வது. 'தாமதிக்காமல் வரவேற்கவும்.' அழுத்தினேன்.

கதிரையை விட்டு எழும்பவில்லை. இன்னும் இரண்டு மணித்தியாலம் கிடந்தது.

"அப்ப நாங்கள் வெளிக்கிடுறம், பிள்ளை," என்றார் மச்சான்.

பூமணி ஒன்றும் சொல்லவில்லை. கட்டி நாற்பது வருசம். பூமணி ஒன்றும் சொல்லாமல் நின்றது இதுதான் முதல் தரம்.

விதிகளை யோசித்தேன். கமராவை விட்டு விலகக்கூடாது. கதைக்கக்கூடாது. கையைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

கதவு எட்டும் தூரத்தில். தலையைக் கமராவுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, கதிரையைச் சரித்து, கதவை ஒரு சாண் நீக்கி, வலது கையை வெளியே நீட்டினேன்.

"ஐயா, உங்கள் கை எங்கே?" என்றது குரல்.

வெளியில் நின்றவருக்கோ கையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"என்ன மச்சான், கையை மட்டும் நீட்டுறியள்? தபால்பெட்டிக்கை போடுற மாதிரிப் போட்டிட்டுப் போறதோ? வாங்கோ எண்டு ஒரு சொல்லுச் சொல்லக்கூடாதோ?"

சொல்லக்கூடாதுதான். வரச்சொல்லி விரலை ஆட்டினேன்.

"பாத்தியே பிள்ளை, போகச் சொல்லுறார்!"

அதற்கு மேல் என்னால் ஏலவில்லை.

"போகச் சொல்லேல்லை மச்சான்! உள்ளுக்கு வாங்கோ!"

வந்தார்கள். எல்லாரும். மச்சானின் மனுசி தட்டத்தோடு. பூமணியை எனக்குப் பக்கத்தில் நிறுத்தி, சந்தனப் பொட்டு வைத்து, பன்னீர் தெளித்து, வெற்றிலை பாக்கோடு காட்டை மச்சான் நீட்டினார். நான் இரண்டு கையாலும் வாங்கினேன். பூமணி மூக்கை உறிஞ்சினா. நாலு பேரும் கமராவுக்குள் அளவாக நின்றோம். ஸ்ரூடியோவில் படம் எடுக்கிற மாதிரி.

"ஐயா," என்றது குரல், மெதுவாக. "அறையில் எத்தனை பேர்?"

மச்சான் குனிந்து திரையைப் பார்த்தார்.

"ஆர் மச்சான் கதைக்கிறது?"

"சோதினை பாக்கிற பிள்ளை."

"அப்ப அவவையும் வரச்சொல்லுங்கோ. பக்கத்திலை நிண்டும் சொல்லேல்லை எண்டு பிறகு குறை நினைக்கப்போறா."

திரையில் சிவப்பு எழுத்து வந்தது. பரீட்சை நிறுத்தப்பட்டது. காரணம்: அறைக்குள் குடும்பத்தினர்.

பூமணி தேத்தண்ணி போட்டா. குடித்தேன். மச்சானும் குடித்தார். மார்க்கத்து ஒன்பது வீடும் பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டாந்தரமும் குடித்தார்.

அடுத்த தவணை வசந்தத்தில். அதுவரைக்கும் பொறுக்க ஏலாது என்று நிலையம் சொல்லிவிட்டது. என்ர வகுப்பை எடுக்கப்போவது இருபத்தாறு வயதுப் பிள்ளை ஒருத்தி. கலியாணம் கட்டவில்லை. ஆறு பேருள்ள வீடு. சோதினையில் முதல் தரமே பாஸ். வகுப்பறைப் பூட்டின் திறப்பைக் கொடுக்கப் போனபோது கேட்டேன்.

"பிள்ளை, வீட்டிலை ஒருத்தரும் அறைக்குள்ளை வராமல் எப்பிடிச் சமாளிச்சனீர்?"

"வீட்டிலையோ? நான் லைப்ரரியிலை ரூம் புக் பண்ணியெல்லோ எழுதினனான், அங்கிள்."