கப்பல்களுக்குக் கை காட்டுவோர் சங்கத்தின் செயலாளர்

1. பல்கலைக்கழகத்தில் புதிய மாணவர்களைச் சங்கங்களில் சேர்க்கும் நாளன்று, நான் கணினிக் கழகத்தில் சேரப் போனேன்.

2. கணினிக் கழகத்தின் மேசைக்கு முன்னால் வரிசை வாசல்வரை நின்றது.

3. பக்கத்து மேசைக்கு முன்னால் ஒருவரும் இல்லை. மேலே மின்விசிறி சுற்றியது. நான் அங்கே ஒதுங்கினேன்.

4. மேசைக்குப் பின்னால் இருந்தவர் எழுந்து, தொண்டையைச் செருமி, "சபையோருக்கு வணக்கம்" என்றார். சபை என்பது நான்.

5. அவர் பேசி முடித்தபோது நான் கப்பல்களுக்குக் கை காட்டுவோர் சங்கத்தின் உபதலைவியாகி இருந்தேன்.

நாட்டில் உள்ள எல்லாச் சங்கங்களும் ஒரே நாளில் கலைந்துபோனாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. அந்த மேசைக்காரர், எங்கள் செயலாளர், ஒருவர் இருந்தால் போதும். மறுநாள் மத்தியானத்துக்குள் அத்தனையையும் சட்டதிட்டங்கள் அடங்கிய யாப்பு, நிர்வாகக் குழு, நன்றியுரை சகிதம் திரும்ப எழுப்பிவிடுவார். அவருக்கு ஒரு சொந்தப் பெயரும் இருந்தது. விரிவுரையாளர்கள்கூட அதை மறந்துவிட்டார்கள். மூதூரிலிருந்து வந்து, சங்க வேலைகள் இல்லாத நேரங்களில் கணிதம் படித்துக்கொண்டிருந்தார்.

இதற்கு முன் அவர் நிறுவியவை மூன்று. குடை மறந்தோர் நலன்புரிச் சங்கம், மாரி முடிந்ததும் அங்கத்தவர் இல்லாமல் முடிந்தது. சிற்றுண்டிச்சாலைப் புட்டு ஆய்வு வட்டம், அதன் இடைக்கால அறிக்கையைச் சிற்றுண்டிச்சாலைக்காரர் வாசித்த அன்றே முடிந்தது. நகர மான்கள் அவதானிப்புக் கழகத்தின் ஆண்டறிக்கையை ஒரு மானே தின்றுவிட்டது. பஸ் நிலையம்வரை வந்து நிற்கும் எங்கள் ஊர் மான்களுக்குக் கடதாசி என்றால் உயிர்.

விடுதியில் என் அறைத்தோழி றிஸ்னா. குறிஞ்சாக்கேணிக்காரி, வாய்க்குப் பூட்டு இல்லாதவள். அவளைக் கேட்காமலே பொருளாளர் ஆக்கிவிட்டேன். அவள் நேரே செயலாளரிடம் போனாள். அண்ணனை 'நானா' என்பது அவள் வீட்டு வழக்கம்.

"நானா, கப்பலுக்குக் கை காட்டி என்ன காணப் போறியள்?"

"தங்கச்சி, ஒரு கப்பல் துறைமுகத்துக்குள்ள வந்தா முதல்ல ஆர் போறது? சுங்கக்காரர். பிறகு சுகாதாரப் பரிசோதகர். மாதக்கணக்காக் கடலில கிடந்து வாற மனிசரை ஆராவது 'வாங்கோ' எண்டு சொன்னவையா?"

"சந்தா எவ்வளவு?" என்று கேட்டாள் றிஸ்னா. நான் அறிந்தவரை அவள் ஒருவரோடு வாதாடாமல் விட்டது அதுதான் முதல் தடவை. பொருளாளர் பதவியை ஏற்றுக்கொண்டாள்.

அங்குரார்ப்பணக் கூட்டம் துறைமுக வாயில் தெரியும் கரையில் நடந்தது. மங்கல விளக்கை ஏற்ற ஏற்றக் கடற்காற்று அணைத்தது. நிறைகுடத்தின் மாவிலையை ஒரு மான் ஆறுதலாக நின்று மென்றது. வரவேற்புரை முடிந்து, தலைமையுரை முடிந்து, செயலாளர் யாப்பை வாசித்துக்கொண்டிருந்தபோது மா ஆலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பல் ஒன்று, மலை நகர்வது போல உள்ளே வந்தது.

"அண்ணா, கப்பல்!" என்றேன்.

"தெரியும், தங்கச்சி. ஆனா கை காட்டுறது நிகழ்ச்சி நிரலில ஒன்பதாவது. இப்ப நாங்கள் நாலில நிக்கிறம்."

ஒன்பதாவது வந்தபோது கப்பல் நங்கூரம் போட்டிருந்தது; மாலுமிகள் கழுவிக் காயப்போட்ட உடுப்புகள்கூடத் தெரிந்தன. நாங்கள் கை காட்டினோம். உடுப்புகள் ஆடின. செயலாளர் நன்றியுரை சொன்னார்.

அடுத்ததாக எந்தக் கையைக் காட்டுவது என்ற பிரச்சினை எழுந்தது. உபகுழு போட்டார்கள். உபகுழு இரண்டாகப் பிரிந்தது. அதிருப்தியடைந்த ஒருவர் வெளியேறி, கப்பல்களுக்கு வலக்கை காட்டுவோர் சங்கத்தைத் தனியாளாக ஆரம்பித்தார். அந்தத் தொடக்க விழாவுக்குப் பிரதம அதிதியாகப் போனவரும் எங்கள் செயலாளர்தான். ஆசிச் செய்தியும் அவரே கொடுத்தார். சங்கம் எதிரியுடையதாக இருந்தாலும் முறைப்படி தொடங்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

என் பங்குக்கு நான் ஒரு கணினி நிரல் எழுதினேன். கப்பல்களின் இருப்பிடத்தை இணையத்தில் பார்த்து, ஒன்று நெருங்கும்போது அங்கத்தவர்களின் கைத்தொலைபேசிக்குத் தகவல் அனுப்பும். நிரல் நன்றாகவே வேலை செய்தது. செயலாளர் அதில் ஒரேயொரு திருத்தம் கேட்டார்: ஒவ்வொரு தகவலும் "பேரன்புடையீர்" என்று தொடங்கி, சங்கத்தின் முழுப் பெயரையும் குறிக்கோளையும் சொன்ன பிறகே விடயத்துக்கு வர வேண்டும். திரையில் குறிக்கோள்வரைதான் தெரிந்தது. பல நாட்கள் நாங்கள் கரைக்கு ஓடிப்போய், எந்தக் கப்பல் என்று தெரியாமல், அது போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அந்த நேரத்தில்தான் நிர்வாகக் கட்டடத்திலிருந்து அழைப்பு வந்தது. அளவிடக்கூடிய பெறுபேறு இல்லாத சங்கங்கள் எல்லாம் இந்தப் பருவத்தோடு பதிவிலிருந்து நீக்கப்படும். விவாதக் கழகத்திடம் கிண்ணங்கள் இருந்தன. கணினிக் கழகத்திடம் சான்றிதழ்கள் இருந்தன. எங்களிடம் கைகள் இருந்தன.

உதவிப் பதிவாளர் கெட்டவர் அல்ல, களைத்துப்போன மனிதர்.

"நீங்கள் கை காட்டுறியள். சரி. கப்பல் என்ன செய்யுது?"

"வருது, சேர்" என்றார் செயலாளர்.

"நீங்கள் காட்டாட்டியும் அது வருமே ஐசே!"

செயலாளர் யோசித்தார். "ஒரு கப்பல் பதிலுக்கு எங்களுக்கு வணக்கம் சொன்னா, அது பெறுபேறுதானே சேர்?"

"ஓம், அது பெறுபேறு. நான் என்ரை கண்ணால காணவேணும். பருவம் முடிய முந்தி."

வெளியே வந்ததும் செயலாளர் படியில் உட்கார்ந்துவிட்டார். அது அவருடைய இறுதி வருடம்.

"இதுவும் போனா, நான் இந்தக் கம்பஸில இருந்தனான் எண்டு சொல்ல ஒண்டும் மிஞ்சாது" என்றார். அந்த வசனத்தில் முன்னுரையும் இல்லை, முடிவுரையும் இல்லை. எனக்குப் பயமாக இருந்தது.

பருவத்தின் கடைசிக் கிழமையில் ஒரு கோதுமைக் கப்பல் வருவதாக என் நிரல் சொன்னது. உதவிப் பதிவாளரும் குடையோடு கரைக்கு வந்தார். செயலாளர் நிகழ்ச்சி நிரல் முழுவதையும் ரத்துச் செய்திருந்தார், விளக்கில்லை, உரையில்லை. வலக்கைச் சங்கத்து மனிதரும் வந்து எங்களோடு நின்றார். கப்பல் வாயிலைத் தாண்டியது. அந்தந்தக் கொள்கைக்குரிய கைகளையும் மற்றக் கைகளையும் சேர்த்து, எல்லோரும் காட்டினோம்.

கப்பல் ஊதியது. ஒருமுறை அல்ல, அடுத்தடுத்துப் பல தடவை.

றிஸ்னா துள்ளி என் தோளைப் பிய்த்தாள். வலக்கைக்காரர் அழுதார். உதவிப் பதிவாளர் குடையை மடக்கி, "கெட்டிக்காரர்தான் ஐசே! நாளைக்கே பதிஞ்சு தாறன்" என்றார்.

செயலாளர் மட்டும் கப்பலைப் பார்க்கவில்லை. அதன் மூக்குக்கு நேரே ஒரு சின்ன மீன்பிடி வள்ளம் நின்றது. இயந்திரம் நின்றுபோய், இரண்டு பேர் அதைக் கிளப்பும் கயிற்றை மாறி மாறி இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"சேர், அது எங்களுக்கு இல்லை" என்றார்.

"நானா, வாயை மூடுங்கோ!" என்றாள் றிஸ்னா.

"கப்பல் அந்த வள்ளத்தை விலகச் சொல்லுது, தங்கச்சி. 'விலகு' எண்டதை 'வணக்கம்' எண்டு கூட்டக் குறிப்பில எப்படி எழுதுறது?"

"எனக்குக் கேட்டது போதும்" என்றார் உதவிப் பதிவாளர். பாவம், அவரும் எங்கள் பக்கம் வந்துவிட்டார்.

"எனக்குப் போதாது, சேர்."

அதற்குள் இயந்திரம் பிடித்துக்கொண்டது. வள்ளம் ஒதுங்கிக் கரைப்பக்கம் திரும்பியது. அதிலிருந்த ஒருவர் எங்களைப் பார்த்து, பல் எல்லாம் தெரியச் சிரித்துக் கையைத் தூக்கி ஆட்டினார்.

"அந்தா! கை காட்டுறார்! இது எங்களுக்குத்தான்!" என்று றிஸ்னா கத்தினாள்.

"யாப்பில கப்பல் எண்டுதான் இருக்கு. வள்ளம் இல்லை."

"யாப்பை மாத்துங்கோ! நீங்கள் எழுதினதுதானே?"

"அதுக்குப் பொதுக்கூட்டம் வேணும். முன்னறிவித்தல் குடுக்கவேணும். பருவம் முடியமுதல் ஏலாது" என்றார் செயலாளர், சொந்தக் கழுத்தில் சொந்தக் கையாலேயே கத்தி வைத்த மனிதரின் அமைதியோடு. பிறகு அந்த வள்ளத்துக்குத் திரும்பக் கை காட்டினார். தனிப்பட்ட முறையில்.

சங்கத்தைக் கலைக்கும் கூட்டத்தையும் அவர் முறைப்படியே நடத்தினார். நன்றியுரையில், வந்துபோன கப்பல்களுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி நன்றி கூறினார். அடுத்தது அங்கத்தவர்கள். எங்களைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார், இன்னொருமுறை செருமினார், பிறகு போய்க் கதிரையில் இருந்துவிட்டார். அவர் முடிக்காமல் விட்ட ஒரேயொரு நன்றியுரை அது.

சங்கம் இப்போது பதிவில் இல்லை. செயலாளர் மூதூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறார். நானும் றிஸ்னாவும் நகரத்தில் வேலை செய்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பல் வந்தால் கரைக்குப் போவோம், வலக்கைக்காரரும் வருவார். பொருளாளர் இருக்கிறாள், உபதலைவி இருக்கிறேன். செயலாளர் பதவிக்கு மட்டும் இன்றுவரை யாரும் யாரையும் முன்மொழியவில்லை.