தே ஓ விவகாரமும் ஷஹீராவின் இடது கிட்னியும்

மூவார்,
வியாழக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மச்சான் அப்துல் பாசித் அவர்களுக்கு, உங்கள் தங்கை கணவன் ஜெய்னுலாபுதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் மீரா பீவியும் தேத்தண்ணிக் கடையும் நலம். அங்கே நீங்களும் உங்கள் முழங்கால் வலியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். போனில் நான் இரண்டு வார்த்தை பேசினால் நீங்கள் இருபது வார்த்தை பேசுவீர்கள். தாளில் யாரும் குறுக்கே வர முடியாது. நாளைக் காலை ஜொகூர் பாருவுக்கு நாற்காலி ஏற்றிப் போகும் லாரியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நான் பெற்ற மகளின் மூத்திரத்துக்குப் பதிலாக ஆஸ்பத்திரியில் தேத்தண்ணி கொடுத்துவிட்டேன் என்று குடும்ப வாட்சப் குழுவில் ஒரு செய்தி ஓடுகிறதாம். அது உண்மைதான். ஆனால் நடந்த விதம் வேறு.

நம் ஷஹீராவுக்கு நாலு வயது. போன வருஷம் மட்டும் மூன்று முறை காய்ச்சல். ஒவ்வொரு முறையும் மீரா, "உடம்புச் சூடுதாங்க, பார்லி குடுத்தா எறங்கிரும்" என்பாள். பார்லியும் உள்ளே இறங்கும், காய்ச்சலும் இறங்கும், பிறகு காய்ச்சல் மட்டும் திரும்பி ஏறும். கடைசியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் லோஷினி, பார்த்தால் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் படிவம் படிக்கிற பிள்ளை மாதிரி இருக்கிறார், படம் போட்டு விளக்கினார். மூத்திரப்பையில் சேருவது கீழ்ப்பக்கம் வெளியே போக வேண்டும், ஷஹீராவுக்கு அது வந்த வழியே மேலே ஏறி இடது கிட்னிக்குத் திரும்பிப் போகிறதாம், கிருமியும் கூடவே ஏறுகிறதாம், அதனால்தான் காய்ச்சலாம். "கிரேட் நாலு" என்றார். எத்தனைக்கு என்று கேட்டேன். "அஞ்சுக்கு" என்றார். ஐந்துக்கு நாலு மோசமில்லையே என்று எனக்குச் சந்தோஷம். கடைக்கு வந்து எல்லாரிடமும் சொன்னேன், இரண்டு பேர் கைகூடக் குலுக்கினார்கள். ஒரு வாரம் கழித்து மீரா சொல்லித்தான் தெரிந்தது, அந்தக் கணக்கில் ஐந்து வாங்குவதுதான் ஆக மோசம் என்று. இப்படித் தலைகீழாக மார்க் போடுவது எந்த ஊர் நியாயம் என்று நீங்களே சொல்லுங்கள்.

கிருமி ஏறாமல் இருக்க ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார். காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் ஒரு வேளை கொடுக்க வேண்டும். அந்தப் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். உங்கள் தங்கைக்கு அளவு வராது, குழம்பில் உப்பைப் பார்த்தாலே தெரியும். நான் இருபத்திரண்டு வருஷமாகப் பால் அளந்து ஊற்றுகிறவன். ஒரு நாள்கூடத் தவறவில்லை. இந்த வரியைக் குழுவில் உள்ளவர்கள் இரண்டு முறை படிக்கட்டும்.

இனி தேத்தண்ணி. காலை மூத்திரம் கொண்டுவரச் சொல்லி ஒரு சின்னப் போத்தல் தந்திருந்தார்கள். அன்றைக்கென்று பார்த்துப் போத்தலைக் காணோம். பிள்ளையோ கடைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அத்தா, வருது, வருது" என்கிறாள். கைக்கு எட்டியது, வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்குத் தேத்தண்ணி புங்குஸ் கட்டுகிற பிளாஸ்டிக் பை. பிடித்தேன். பிடித்த கையோடு, பழக்க தோஷம், சிவப்பு ராஃபியா கயிற்றால் ஓரத்தைச் சுருக்கிக் கட்டி, கல்லாவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டுக் கார் சாவி தேடப் போனேன். அதே ஆணியில் நாற்காலிப் பட்டறை கனகராஜுக்குக் கட்டிய தே ஓ தொங்கிக்கொண்டிருந்தது. அவர் பால் சேர்க்க மாட்டார், சாயம் குறைவாக, சீனிக்குப் பதில் தேன் ஊற்றித்தான் குடிப்பார். நான் சாவியோடு வந்தபோது ஆணியில் ஒரு பைதான் இருந்தது. அதைக் கொண்டுபோய், ஆஸ்பத்திரியில் புதுப் போத்தல் கேட்டு வாங்கி, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றிக் கொடுத்தேன். மறுநாள் போன் வந்தது, மூத்திரத்தில் சீனி கன்னாபின்னாவென்று இருக்கிறதாம். "நாலு வயசுல இனிப்புநீரா" என்று மீரா தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஓடினோம். பிள்ளை விரலில் குத்திப் பார்த்தால் ரத்தத்தில் சீனி சரியாக இருந்தது. டாக்டர் லோஷினி போத்தலைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்க சாப்பாட்டுக்கடை வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். அன்று சாயங்காலம் கனகராஜ் கடைக்கு வந்து, "பாய், நேத்து தே ஓல தேன் ஊத்த மறந்துட்டீங்க லா" என்றார். மன்னிப்புக் கேட்டேன். வேறு எதுவும் சொல்லவில்லை. இதில் என் தவறு எங்கே இருக்கிறது? ஆணி ஒன்றுதான், அதுவும் கடைக்கட்டடத்து முதலாளி அடித்த ஆணி.

நோன்புப் பெருநாள் கழித்து வந்த காய்ச்சல்தான் பொல்லாதது. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். போன வாரம் எடுத்த ஸ்கேனில் இடது கிட்னியில் தழும்பு தெரிகிறது. தழும்பு விழுந்த இடம் இனி வேலை செய்யாதாம். "மருந்து தினமும் குடுத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார். "ஒரு நாள்கூடத் தவறல" என்றேன். "அவரு கையாலதான் குடுப்பாரு டாக்டர், என்னையகூட நம்ப மாட்டாரு" என்றாள் மீரா. "மருந்து குடுத்தும் கிருமி ஏறியிருக்கு. இனிமே மருந்த நம்பி இருக்க முடியாது, ஆபரேஷன்தான்" என்று, ஜொகூர் பாருவில் வரும் செவ்வாய்க்கு நாள் குறித்துவிட்டார்கள். ஆக, மருந்துதான் சரியில்லை. தகப்பன் தன் கடமையைச் செய்திருக்கிறான். திங்களன்று உங்கள் வீட்டுக்கு வந்து தங்குகிறோம். எனக்குத் தலையணை இரண்டு வேண்டும்.

வல்ல அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், உங்கள் முழங்காலுக்குப் பொறுமையையும் தருவானாக. வீட்டில் எல்லாருக்கும் என் சலாம்.

இப்படிக்கு,
ஜெய்னுலாபுதீன்.

பின்குறிப்பு, வெள்ளிக்கிழமை காலை: லாரி வருவதற்குள் எழுதியதை ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். மச்சான், மருந்தை நான் கொடுக்கவில்லை. முதல் மாதம் கொடுத்தேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டு, "வேணாம் அத்தா" என்று அழுவாள். ஓடியாடி விளையாடுகிற பிள்ளைக்கு எதற்கு மருந்து என்று, அதன் பிறகு தினமும் சரியாக அளந்து, சிங்க்கில் ஊற்றினேன். டாக்டர் கேட்டபோது மீரா பக்கத்தில் இருந்தாள், வாயில் பொய்தான் வந்தது. அந்தப் பொய்யை நம்பித்தான் பிள்ளை வயிற்றில் கத்தி வைக்க நாள் குறித்தார்கள்.

சற்று முன் டாக்டருக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். எத்தனை மாதமாக என்று கேட்டார். பிறகு, "செவ்வாய்க்கெழம ஆபரேஷன் வேணாம். மொதல்ல மருந்த ஒழுங்கா குடுத்துப் பாப்போம். ஆனா விழுந்த தழும்பு போகாது" என்றார்.

திங்களன்று நாங்கள் வரவில்லை. நீங்கள் இங்கே வாருங்கள். மீராவுக்கு இன்னும் எதுவும் தெரியாது, அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாள். எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். நான் அவளிடம் சொல்லும்போது பக்கத்தில் அவளுடைய அண்ணன் இருக்க வேண்டும்.