தேனருவியானின் பதினாலாம் அத்தியாயம்

"பதினாலாம் அத்தியாயம் வந்தாச்சு சார்," என்றாள் சாலோமி. "அதை வாசிக்கையில உங்களுக்கு அழுகை வந்திருக்குமே?"

எழுத்தாளர் தேனருவியானின் வாழ்க்கை வரலாற்றை அவளுக்குச் சிபாரிசு செய்தது ஹெப்ரான்தான். பாளையங்கோட்டையில் தேவாலய வாசகசாலையைச் சனிக்கிழமைதோறும் திறந்து வைப்பவன் ஆயிற்றே! ஆனால் அதில் அவன் வாசித்தது பின்னட்டை மட்டும். இருந்த ஒரே பிரதியும் இப்போது அவளிடம்.

"வராம இருக்குமா டீச்சர்? தேம்பித் தேம்பில்லா அழுதேன்."

"எந்த இடத்துல?"

அம்பாசமுத்திரம் பேருந்து சேரன்மகாதேவியைத் தாண்டிக்கொண்டிருந்தது. அம்பாசமுத்திரத்தில் அவள் ஆசிரியை, அவன் எழுத்தர். தினமும் இதே பேருந்துதான். ஜன்னலுக்கு வெளியே வயல். அதற்கப்பால் பனியில் பாதி கரைந்த ஆறு. ஆறு கைகொடுத்தது.

"ஆத்துல இறங்குதாரே, அங்கன."

"ஆமா! குடையைப் பிடிச்சுக்கிட்டே நீந்துதாரே, அக்கரையில நிக்குத பொண்ணைப் பாக்க!"

அப்பாடா! ஹெப்ரானுக்கு உயிர் வந்தது.

"அன்னைக்கு மழை வேற, பாவம்," என்று தன் பங்கைச் சேர்த்தான்.

"ஆமால்லா! அந்த மழையிலயும் கடுதாசி நனையலையே."

மேற்கே மலைக்குள் மேகமா, மேகத்துக்குள் மலையா, தெரியவில்லை. குடையோடு ஒரு மனிதர் நீந்திப் போவது மட்டும் நன்றாகத் தெரிந்தது. அக்கரையில் நின்ற பெண்ணுக்குச் சாலோமியின் முகம்.

செவ்வாய்க்கிழமை அவள் ஒரு படகைப் பற்றிச் சொன்னாள். அதில் ஓட்டை இருந்ததாக அவன் சொன்னான். புதன்கிழமை அவள் கல்யாணக் கட்டத்துக்கு வந்தாள். மாப்பிள்ளை தூங்கிவிட்டதாக அவன் சொன்னான். எல்லாவற்றுக்கும் அவள் "ஆமால்லா!" என்றாள். தான் அவிழ்த்துவிடுவதெல்லாம் புத்தகத்தில் இருப்பது அவனுக்கே ஆச்சரியம்.

வியாழக்கிழமை இடி விழுந்தது.

"ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு, வாசகசாலையில நீங்க இந்தப் புஸ்தகத்தைப் பத்திப் பேசுதீங்க. பாஸ்டர் ஐயாகிட்ட சொல்லிட்டேன். அம்மாவும் வாராங்க, உங்களைப் பாக்கணுமாம்."

"என்னையா? எதுக்கு?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பொய் சொல்லுதவங்களைக் கண்டாலே அம்மாவுக்கு ஆகாது. நீங்க நல்லாப் பேசிருவீங்க."

ஆறு மாதமாக அவளிடம் கேட்கத் துணியாத ஒன்று தானாக வாசலுக்கு வருகிறது. வருகிற நேரத்திலா மாட்டிக்கொள்ள வேண்டும்?

"ஒரு நாளைக்குப் புஸ்தகத்தைத் தாங்களேன். குறிப்பு எடுக்கணும்."

"நீங்கதான் கரைச்சுக் குடிச்சவராச்சே! நான் இன்னும் முடிக்கல."

சாயங்காலம் வாசகசாலைப் புத்தகங்களைப் பைண்டு செய்யும் ஷேக் மைதீன் பாயிடம் ஓடினான்.

"பாய், மானம் போகப் போகுது. தேனருவியான் புஸ்தகம் வேற எங்கயாவது கிடைக்குமா? நான் ஒரு பக்கம்கூட வாசிக்கல. சாலோமி டீச்சர் பதினாலாம் அத்தியாயத்துல கேள்வியாக் கேட்டு உயிரை வாங்குதாங்க."

பாய் பசைக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அவனைப் பாவமாகப் பார்த்தார்.

"தப்பு என்னுதுதான் தம்பி. ரெண்டு புஸ்தகத்தை ஒண்ணாப் பிரிச்சுப் போட்டுத் தைச்சதுல, முதல் அத்தியாயத்துக்கு மேல முழுக்க நெல் சாகுபடியால்லா சேந்துபோச்சு! டீச்சரம்மா மறுநாளே கொண்டாந்து காட்டினாங்க. சரிபண்ணித் தாரேன்னேன். 'பைய பாத்துக்கிடலாம் பாய், அவுங்ககிட்ட மட்டும் சொல்லிராதீங்க'ன்னாங்க."