இரண்டாவது கியரில் ஒன்பது பேர்

கிறீச்!

வண்டி நின்றுவிட்டது. "ஐயோ, அம்மா!" என்ற அலறல் நிற்க மேலும் இரண்டு விநாடி பிடித்தது. அலறியது, ஓட்டப் பழக வந்த பேங்க் அக்கா இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் டீச்சர்.

"என்ன டீச்சர், சக்கரத்துகிட்ட வந்த பூனையே கத்தல, நீங்க கத்துறீங்க?"

"ஒண்ணுமில்லக்கா. பாத்ரூம்ல வழுக்கிட்டேன். இடுப்புல அடி."

வங்கிக் காசாளரான அந்த அக்கா, டீச்சரின் கை அழுத்திய இடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

பாத்ரூம் மேல் ஒரு குற்றமும் இல்லை. டாக்டர் சோதனைக்குழாய்க் கருவை அவள் கர்ப்பப்பைக்குள் வைத்து ஐந்து நாள் ஆகியிருந்தது. கரு தங்கியதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்கு இன்னும் ஒன்பது நாள். அதுவரை தினமும் காலையில் எண்ணெயில் கரைத்த ஹார்மோன் ஊசி. ஒரு நாள் இடது இடுப்பு, மறுநாள் வலது. தானே போட்டுவிடுவதாக வீரவசனம் பேசிய கணவர், ஊசியின் நீளத்தைப் பார்த்ததுமே கட்டிலில் சாய்ந்துவிட்டார். அவருக்குத் தண்ணீர் தெளித்து எழுப்பிவிட்டு, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, கழுத்தைத் திருப்பி, அவளே குத்திக்கொண்டாள். "பரவாயில்லையே, வலிக்கல போலிருக்கே!" என்று அவர் படுத்தபடியே பாராட்டினார். எண்ணெயோ கரைய மாட்டேன் என்று அடம்பிடித்துக் கட்டியாக நின்றது. அதன் மேல் இவள் எட்டு மணி நேரம் உட்கார வேண்டும்.

உண்மையைச் சொல்லலாம்தான். போன முறை சொன்னாள். கரு தங்கவில்லை, ஆறுதல் மட்டும் பத்து மாதம் வளர்ந்தது.

ஆகவே பாத்ரூம். அந்தப் பொய் டிரைவிங் ஸ்கூல் ஓனரின் காதுக்குப் போயிற்று. மனிதர் இரக்கக்காரர். அதுதான் வினை. மறுநாளே நடுவில் ஓட்டை வைத்த ரப்பர் மெத்தையோடு வந்து நின்றார்.

"உட்காரும்மா. மேகத்துல மிதக்குற மாதிரி இருக்கும்."

இருந்தது. மேகம் உயரத்தில்தானே இருக்கும்? தலை கூரையில் முட்டியது. கால், அவள் பக்கம் டீச்சருக்கென்றே இருக்கும் பிரேக்குக்கு எட்டவில்லை. வண்டியை ஓரம் கட்டப் பழகிய பேக்கரிக்காரர், ஒரு குப்பைத்தொட்டியை மிக மெதுவாக, மிக மரியாதையாகச் சாய்த்தார்.

"நீங்க பிரேக் போடலையா டீச்சர்?"

"நான் மேகத்துல இருந்தேண்ணா."

அடுத்தது வெந்நீர்ப் பை. சூடு வைத்தால் கட்டி இளகும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். மூடியை இறுக்கித் திருக வேண்டும் என்று சொல்லவில்லை. ஓனர் நனைந்த சீட்டைப் பார்த்தார், இவள் முகத்தைப் பார்த்தார், மறுபடியும் சீட்டைப் பார்த்தார்.

"ஏம்மா... அவ்வளவு பலமான அடியா?"

உட்கார்ந்தால்தானே வம்பு என்று, அதற்கடுத்த நாள் இறங்கி நின்றே சொல்லிக்கொடுத்தாள். நடக்க நடக்க வலி குறைந்தது. சுகமாக இருக்கவே, கையால் இடுப்பைத் தடவிக்கொண்டாள். 'இன்னும் பின்னால வா' என்கிறாள் போல என்று பேக்கரிக்காரர் வந்துகொண்டே இருந்தார். 'பாதுகாப்பான பயிற்சி' என்ற பெயர்ப்பலகை மடங்கித் தரையில் படுத்தது.

இதையெல்லாம்கூட ஓனர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது வேறு. போன வாரம் நாற்பதில் பறந்த மாணவர்கள் ஒன்பது பேரும் நாலு நாளாக இரண்டாவது கியரைத் தாண்டவில்லை. பள்ளத்தைக் கண்டால் நின்று, யோசித்து, சுற்றிப் போனார்கள். டீச்சர் திட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். "பயமா இருக்கு டீச்சர்" என்று எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்.

"கத்துக்கிட்டதையும் மறக்கடிக்கிறியே, அதுக்குத் தனித் திறமை வேணும்மா," என்றார் ஓனர். "இன்னைக்கு நானே பின்சீட்டுல வர்றேன். மூணாவது கியர் விழலைன்னா நாளையிலருந்து வேற ஆள்."

அவளுடைய ஊசி, மருந்து, டாக்டர் எல்லாமே இந்தச் சம்பளத்தில்தான் ஓடின.

சாயங்காலம் பேங்க் அக்கா ஓட்டினார். ஊர்ந்தார் என்பதே சரி.

"மூணு போடுங்க!" என்றார் ஓனர்.

"ரெண்டே சௌகரியமா இருக்கு சார்."

"ரோடு காலியா கிடக்குதுங்க!"

"காலி ரோட்டைத்தான் நம்பக் கூடாது சார்."

நாயோடு நடந்து வந்த ஒருவர் வண்டியை முந்திப் போனார். நாய் திரும்பிப் பார்த்தது, பாவப்பட்டு.

"அக்கா, உங்களுக்குப் புண்ணியமா போகும், போடுங்கக்கா," என்று டீச்சர் கிசுகிசுத்தாள். அக்கா போடவில்லை.

"நிறுத்துங்க! நான் நடந்தே போறேன், சீக்கிரமாவாவது போய்ச் சேரலாம்!" ஓனர் இறங்கிக் கதவை அறைந்தார். "ஏம்மா, நாளைக்கு நீ வர வேண்டாம்." சொன்னபடியே, வண்டியைத் தாண்டி விறுவிறுவென்று நடந்து மறைந்தார்.

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் உங்களுக்கு என்னக்கா பாவம் பண்ணேன்? போன வாரம் நாற்பதுல ஓட்டினவங்கதானே நீங்க?"

பேங்க் அக்கா ஒரு பள்ளத்தை அரைவட்டம் போட்டுத் தாண்டினார்.

"எண்பதுலயும் ஓட்டுவேன் டீச்சர், ஆனா என் பொண்ணைப் பெத்துக்க இதே எண்ணெய் ஊசியை அறுபது நாள் குத்திக்கிட்டவ நான், உங்க ரத்தப் பரிசோதனை முடியுற வரைக்கும் இந்த வண்டி குலுங்கவே கூடாதுன்னு மத்த எட்டு பேர்கிட்டயும் சத்தியம் வாங்கி வெச்சிருக்கேன்!"