வாடிப்பட்டி வரை போன வீடு

வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் நான் ஊர் சுற்றக் கிளம்பினேன். மொத்தம் பதினாறு மைல் போனேன். (திரும்பி வந்ததையும் சேர்த்தால் முப்பத்திரண்டு. ஆனால் அது வைக்கோல் வண்டியில் வந்தது என்பதால் சேர்ப்பது நியாயமில்லை.) அந்தப் பதினாறு மைலுக்குள் ஒரு பஸ்ஸைத் தொலைத்தேன், இரண்டு குடும்பங்களை ஊர் முன்னால் அவமானப்படுத்தினேன். இத்தனைக்கும் நான் யாரையும் வாய் தவறிக்கூட வைததில்லை. சோறு தின்றேன், சோறு வேண்டாம் என்றேன். செய்தது அவ்வளவுதான்.

யுத்தம் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பு மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியாராக இருந்தேன். வயது இருபத்து நான்கு. வண்டியூர் தெப்பக்குளத்துக்குக் கிழக்கே என்ன இருக்கிறது என்று நேரில் பார்த்ததில்லை. ஆனால் ஆண்டீஸ் மலையைப் பற்றி மேஜையைத் தட்டிப் பேசுவேன். அப்படிப்பட்டவன் கையில் ஒருநாள் பள்ளிக்கூடத்து வாசகசாலையிலிருந்த சீமைப் பத்திரிகை ஒன்று சிக்கியது. அதில் ஒரு படம். வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று சின்ன வீட்டையே மோட்டாரில் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறது. ஜன்னலுக்குத் திரை, உள்ளே கட்டில், அடுப்பு. துரை புல்வெளியில் நாற்காலி போட்டுச் சுருட்டுப் பிடிக்கிறார், துரைசானி தேநீர் ஊற்றுகிறாள். அவர்கள் நாய் முகத்தில்கூட ஒரு திருப்தி தெரிந்தது.

எனக்குத் தலை சுற்றியது. நம் ஆட்கள் பழநிக்குப் போனாலும் திருச்செந்தூருக்குப் போனாலும் வழியில் எந்தச் சொந்தக்காரன் வீடு இருக்கிறது என்று பார்த்துத்தானே போகிறார்கள்? இது என்ன அடிமைத்தனம்? மனிதன் தன் வீட்டைத் தன்னோடு கொண்டு போக வேண்டும், தன் சோற்றைத் தானே பொங்கித் தின்ன வேண்டும், எவனையும் அண்டக் கூடாது! (அன்றுவரை நான் ஒரு தம்ளர் வெந்நீர்கூட வைத்ததில்லை.)

என் சிநேகிதன் ஆரோக்கியம் சிம்மக்கல்லில் ஒரு மோட்டார் பட்டறை வைத்திருந்தான். பட்டறைக்குப் பின்னால் யாரோ கைகழுவிவிட்ட பழைய பஸ் ஒன்று கிடந்தது. இரண்டு பேரும் சேர்ந்து அதன் பெஞ்சுகளைப் பிடுங்கிவிட்டுக் கட்டில் போட்டோம். கூரைமேல் தண்ணீர்ப் பீப்பாய், மூலையில் மண்ணெண்ணெய் ஸ்டவ், ஜன்னலுக்கு என் அம்மாவின் பழைய சேலை. கோடை விடுமுறையில் திண்டுக்கல், பழநி, கோயமுத்தூர் வழியாக ஊட்டி வரை போவது, எங்கே நிழல் கண்டாலும் அங்கே தங்குவது என்று திட்டம். ஆரோக்கியம் மட்டும் ஒரு தடவை கேட்டான். “மாப்ள, ஊட்டி மேட்டுல இது ஏறுமாடா?” நான் அவனுக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரத்தை அடி சுத்தமாகச் சொன்னேன்.

முதல் தங்கல் வாடிப்பட்டி என்று முடிவு செய்தவனும் நான்தான். அதற்குக் காரணம் உண்டு.

ஒரு மாதம் முன்பு வாடிப்பட்டியில் அழகர்சாமி என்ற விவசாயியின் மகள் பொன்னுத்தாயை எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். எட்டாவது வரை படித்த பெண் என்றார்கள். நான் சும்மா இருக்காமல், “பிரேசில் நாட்டுப் பெரிய நதி எது?” என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்தபடியே சரியாகச் சொல்லிவிட்டு, “எங்க ஊர்க் கம்மாய்க்கு எங்கருந்து தண்ணி வருதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?” என்று திருப்பிக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. சபையே சிரித்தது. கட்டினால் இவளைத்தான் கட்டுவது, இல்லாவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று அந்த நிமிஷத்தில் முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் அன்று அங்கே சாப்பிடாமல்தான் வந்தோம். எங்கள் பக்கத்து வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததே. பெண் பார்க்கப் போன வீட்டில் சம்மதம் சொல்லும்வரை கை நனைக்கக் கூடாது. கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். உள்ளே கோழிக் குழம்பு கொதிக்கிற வாசனை கூடம் வரை வந்தும், என் அம்மா வெற்றிலையோடு எழுந்துவிட்டாள். “சித்திரைத் திருவிழா முடியட்டும், நானே போயி நம்ம சம்மதத்தைச் சொல்லிட்டு வாரேன்” என்றார் அப்பா. அதுவரை எனக்குப் பொறுக்கவில்லை. சம்மதம் போய்ச் சேரும் முன்னே சொந்த வீட்டோடு போய் அவள் ஊரில் நின்றால் எப்படி அசந்து போவார்கள்!

விடிந்ததும் கிளம்பினோம். வைகைப் பாலத்தைத் தாண்டும்வரை சிம்மக்கல் ஜனங்கள் தள்ளினார்கள். அதன் பிறகு பஸ் தானாகவே போனது, மூன்று மைலுக்கு ஒரு தடவை நின்று ஆவி விட்டது. வாடிப்பட்டியில் அழகர்சாமி வீட்டுக்கு நேர் எதிரே, ரஸ்தாவுக்கு இந்தப் பக்கம், கிணற்றோடு ஒரு மாந்தோப்பு இருந்தது. தோப்புக்காரர் ஒச்சப்பனிடம் கேட்டுக்கொண்டு உள்ளே திருப்பினோம். திருப்பும்போதே அடியில் ‘படக்’ என்று ஒரு சத்தம். ஆரோக்கியம் படுத்துப் பார்த்துவிட்டு, “ஆக்சில் போச்சு. நான் மதுரைக்குப் போயி வேற தேடிக்கிட்டு வாரேன். மூணு நாள் ஆகும்” என்று போய்விட்டான்.

எனக்குச் சந்தோஷம்தான். நாற்காலியை எடுத்து வெளியே போட்டு, படத்துத் துரையைப் போலவே காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தேன். மதியம் அழகர்சாமியே வந்துவிட்டார்.

“என்ன தம்பி, எங்க ஊருக்கு வந்துட்டுத் தோப்புல ஒக்காந்திருக்கீக? வீட்டுக்கு வாங்க, ஒரு வாய் கை நனைங்க.”

அந்த மனிதர் தன் மகளின் வாழ்க்கையைப் பற்றி என்னிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். என் மண்டையில் சீமைப் பத்திரிகை ஓடிக்கொண்டிருந்தது.

“வேண்டாமுங்க. இதுதான் என் வீடு. அடுப்பு, அரிசி, தண்ணி எல்லாம் இருக்கு. உங்க வீட்டுல கை நனைக்க எனக்கு அவசியமே இல்லை.”

அவர் முகம் கறுத்தது. (ஆச்சரியம் என்று நினைத்தேன்.)

“முடிவாத்தான் சொல்றீகளா?”

“முடிவாத்தான்!” என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் பெருமையோடு ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். அன்றைய சோறு அடியில் கரி, மேலே அரிசி, நடுவில் கஞ்சி. மறுநாள் காலை அதுவும் வரவில்லை. பட்டினியோடு நாற்காலியில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தவனை ஒச்சப்பன் பார்த்துவிட்டார்.

“எந்தோப்புல நிக்கிற ஆளு பசியோட கெடந்தா எனக்கு என்ன மரியாதை? எந்திரிங்க தம்பி.”

துரைமார்கள் தங்குகிற இடத்துப் பண்ணைக்காரரிடம் பாலும் முட்டையும் வாங்கிக்கொள்வார்கள் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. அதனால் இது என் கொள்கைக்கு விரோதமில்லை என்று தீர்மானித்து எழுந்து அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு நாள், மூன்று வேளையும் போனேன். கோழி, குரவை மீன், கம்பங்கூழ் எதையும் விடவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு வளையல் கை குழம்பை நீட்டும். “நம்ம மக சமையல் புடிச்சிருக்கா தம்பி?” என்று கேட்டார் ஒச்சப்பன். “இப்படி ஒரு சமையலை நான் சாப்பிட்டதே இல்லை” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஆரோக்கியம் ஆக்சிலைத் தோளில் சுமந்துகொண்டு வந்து இறங்கினான். வந்தவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

“மாப்ள, ஒனக்கு ஒச்சப்பன் மகளோட கல்யாணமாமே? காப்பிக் கடையில பேசிக்கிறாய்ங்க.”

“என்னடா உளர்றே?”

“அழகர்சாமி வீட்டுல கை நனைக்க மாட்டேன்னுட்டு, எதுத்த தோப்புக்காரர் வீட்டுல ரெண்டு நாளாத் திங்கிறியே, ஊர் வேற என்ன நெனைக்கும்? நாளைக்குக் காலையில நிச்சயத் தட்டோட வாராகளாம்.”

பெண் வீட்டில் கை நனைப்பது என்றால் என்னவென்று அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அதைப் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவன் நான். பஸ்ஸுக்குள் ஏறியதும் அதெல்லாம் எனக்குப் பொருந்தாது என்று எப்படி நினைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. ரஸ்தாவைக் கடந்து ஓடினேன். அழகர்சாமி வாசற்படியிலேயே மறித்து நின்றார்.

“எங்க வீட்டுல கை நனைக்க அவசியமில்லைன்னீக, சரி. எதுத்த வீட்டுல முழங்கை வரைக்கும் நனைச்சிருக்கீக. நல்லா இருங்க.” கதவைச் சாத்திவிட்டார்.

தோப்புக்குத் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்தேன். அழுகையே வந்துவிட்டது. ஆசைப்பட்ட பெண்ணை நானே, என் வாயால், வேண்டாம் என்று அவள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். இன்னொரு பெண்ணுக்கு இல்லாத ஆசையைக் கொடுத்திருக்கிறேன். கரை சேர ஒரு வழியும் தெரியவில்லை. “ஓடிருவோம்டா” என்றேன். பெரிய பூகோள வாத்தியாருக்குத் தோன்றிய யோசனை அதுதான்.

அதற்கும் கொடுத்துவைக்கவில்லை. ஆரோக்கியம் கொண்டுவந்தது வேறொரு பஸ்ஸின் ஆக்சில். இருட்டும்வரை சம்மட்டியால் அடித்தும் பொருந்தவில்லை. மறுநாள் காலை ஒச்சப்பன் வெற்றிலை பாக்கு, பழம், பூ வைத்த தாம்பாளத்தோடு வந்தார். பின்னால் பத்துப் பதினைந்து பேர். நான் பஸ்ஸுக்குள் ஏறி, வேலையாக இருக்கிறவனைப் போல ஸ்டவ்வில் சோறு கிண்டிக்கொண்டிருந்தேன். “மாப்ள, வெளியே வாங்க!” என்று ஒரு குரல் கூப்பிட்டது. நான் இன்னும் வேகமாகக் கிண்டினேன்.

அந்த நேரத்தில் ரஸ்தாவுக்கு அந்தப் பக்கமிருந்து பொன்னுத்தாய் வந்தாள். கூடவே அவள் அம்மா. “ஏ புள்ள, நில்லு!” என்று கத்திக்கொண்டு அழகர்சாமி பின்னால் ஓடிவந்தார். கூட்டம் தன்னால் விலகியது. அவள் நேரே பஸ் படியில் ஏறி என் முன்னால் நின்றாள்.

“இது ஒங்க வீடுன்னு எங்கப்பாகிட்டச் சொன்னீகளா?”

“சொன்னேன்.”

“என்னைய வேணாம்னு சொன்னீகளா?”

“ஐயோ, சத்தியமா இல்லை! சாப்பாடு வேண்டாம்னுதான் சொன்னேன். நீ வேணும்.” இதைச் சொன்னபோது என் கையில் கரண்டி இருந்தது, கண்ணில் தண்ணீர் இருந்தது. (ஸ்டவ் புகை என்று இன்றுவரை சொல்லிவருகிறேன்.)

“அப்பச் சோத்தப் போடுங்க.”

போட்டேன். அதைச் சோறு என்று அவள்தான் சொன்னாள். பஸ் படியில், ஊரே பார்க்க உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, கரியோடும் கல்லோடும் ஒரு பருக்கை விடாமல் தின்று முடித்தாள். கையைக் கழுவினாள். கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“மாப்பிள்ளை வீட்டுல நான் கை நனைச்சுட்டேன். ஒங்க வழக்கப்படி இனிப் பேச்சு இல்ல.”

அழகர்சாமி கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அவர் மனைவி குறுக்கே நின்று, “அடிக்காதீக. நீங்க வந்து சொன்னதுலருந்து அவ பல்லுல பச்சத்தண்ணி படல” என்றாள். ஓங்கிய கை இறங்கியது.

எல்லோரும் ஒச்சப்பனைப் பார்த்தார்கள். அவர் பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தார், பாத்திரத்தின் அடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இதத் தின்னுட்டும் இவந்தான் வேணும்கிறாளே, அந்தப் புள்ளையோட நாங்க போட்டி போட முடியாதப்பா. எங்க வீட்டுப் புள்ள தப்பிச்சா.” தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு திரும்பியவர் நின்று, “வண்டி இங்கனயே கெடக்கட்டும். ரெண்டு நாள் தின்னதுக்கு ஈடா இருக்கட்டும்” என்றார்.

பஸ்ஸை அவரிடமே விட்டுவிட்டேன். அதில் அவர் வைக்கோல் அடைத்தார், பிறகு கோழி அடைத்தார். மகளை அடுத்த தை மாதமே சோழவந்தானில் நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தார். சாகும்வரை எனக்கு மட்டும் பதில் வணக்கம் வைத்ததில்லை. அது நான் சம்பாதித்தது.

திருவிழா முடிந்து என் அப்பா புது வேட்டி கட்டிக்கொண்டு சம்மதம் சொல்லப் போனார். அழகர்சாமி, “பொண்ணே சாப்பிட்டு முடிச்சு ஏப்பமும் விட்டாச்சு, நீங்க இப்பத்தான் எல போட வாரீகளா?” என்று கேட்டாராம். ஆவணியில் கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு நான் யார் ஊர் வழியாகப் போனாலும் கூப்பிடுகிற முதல் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிடுகிறேன். கூப்பிடாத வீடுகளிலும் இரண்டொரு தடவை சாப்பிட்டிருக்கிறேன்.

என் மனைவி என்மேல் வைத்திருந்த ஆசைக்கு அந்தச் சோறே சாட்சி என்று பல வருஷம் சபைகளில் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோது, அவள் தன் அம்மாவிடமே கேட்டுவிட்டாள்: “ஏம்மா, அப்பா மேல ஒனக்கு அம்புட்டு ஆசையா?”

பொன்னுத்தாய் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

“ஆசையாவது ஒண்ணாவது. மூணு நாளாப் பட்டினிடி. அன்னைக்கு எந்த பஸ்ஸு வந்து நின்னிருந்தாலும் ஏறியிருப்பேன்.”

அன்றிலிருந்து அவளை எந்த ஊருக்கு பஸ் ஏற்றிவிடப் போனாலும், படியில் கால் வைக்குமுன் பிள்ளைகள் நாலு பேரும் ஒரே குரலில் கேட்கிறார்கள்: “அம்மா, சாப்பிட்டாச்சுல்ல?”