பரிசத்தோடு போன லாந்தர்கள்

தாது வருஷம் ஐப்பசி மாதம்
குண்டூர் நாடு, கொல்லிமலை

சேலம் பூரணச்சந்திரா விளக்குக் கம்பெனியில் ஏஜெண்டு உத்தியோகம் பார்க்கும் சிரஞ்சீவி மாப்பிள்ளை அருணாசலம் அவர்களுக்கு, மலைமேல் மளிகைக் கடை வைத்திருக்கும் மாமனார் மாணிக்கம் அநேக ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கு நான், தங்கள் அத்தை, ஆடிக்கு வந்து ஐப்பசி ஆகியும் எங்களோடேயே இருக்கும் தங்கள் சம்சாரம் அம்சவேணி, எல்லோரும் சௌக்கியம். மிளகுக் கொடிகளும் சௌக்கியம். அங்கு தங்கள் சௌக்கியத்துக்கும் கம்பெனியின் சௌக்கியத்துக்கும் எழுதவும்.

தங்கள் கடிதம் கிடைத்தது. போன தை மாதம் அனுப்பிய சின்ன லாந்தர்களில் மண்ணெண்ணெய்த் தொட்டிக்கு ஈயப் பற்று சரியாக வைக்கவில்லை, சூடேறினால் பற்று விட்டு எண்ணெய் ஒழுகித் தீப்பிடிக்கும், ஆத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டுக் கூரையே போய்விட்டது, ஆகையால் வாங்கினவர்கள் இன்னார் என்று பேரும் விலாசமும் எழுதி, பதிலுக்குப் புது லாந்தர் கொடுத்து, பழையதை எல்லாம் திருப்பி அனுப்ப வேண்டும், ஒன்று குறைந்தாலும் என் உத்தியோகம் போய்விடும் என்று எழுதியிருந்தீர்கள். கடிதம் முழுக்க லாந்தராகவே இருந்தபடியால் அம்சவேணியை விசாரிக்கத் தாளில் இடம் போதவில்லை என்று தெரிகிறது. மாப்பிள்ளை உன்னையும் கேட்டிருக்கிறார் என்று நானாகச் சொல்லிவைத்தேன். அவள் கடிதத்தை வாங்கித் தானே படித்துக்கொண்டாள்.

இங்கே எல்லாம் புல் வேய்ந்த கூரை. ஒரு வீடு பற்றினால் ஊரே போய்விடும். அதனால் தங்கள் உத்தியோகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, ஊரை நினைத்து, கடிதத்தோடு வந்த புது லாந்தர்களைக் கடைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு புறப்பட்டேன். வாங்கினவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்தப் பக்கத்தில் லாந்தர் விற்பது என் கடை ஒன்றுதான், ஒவ்வொருத்தர் முகமும் மனசில் இருக்கிறது. முதலில் மாதன் வீட்டுக்குப் போனேன். "லாந்தரா? அது எங்கூட்ல ஏதுங்க? பரிசத்தோட போயிருச்சுங்களே" என்றான். அப்போதுதான் எனக்கே உறைத்தது. இந்த மலையில் ஒருத்தன் லாந்தர் வாங்கினால் அவன் வீட்டில் இருட்டு என்று அர்த்தமில்லை, பெண் பார்த்துவிட்டான் என்று அர்த்தம். சேலை, தானியம், பித்தளைச் சொம்பு, அதோடு ஒரு லாந்தரும் பெண்ணின் அப்பன் வீட்டுக்குப் போகிறது. வாங்கினவன் ஒருத்தன், வைத்திருப்பவர் அவன் மாமனார், நடுவில் ஒரு மலை. கம்பெனி கேட்ட பேரையும் விலாசத்தையும் எழுதி அனுப்பினால் லாந்தர் இல்லாத வீடுகளின் ஜாபிதாதான் கம்பெனிக்குக் கிடைக்கும்.

சரி என்று மலை இறங்கி ஓடை தாண்டி மறு மலை ஏறி, மாதனுடைய மாமனார் சின்னையன் வீட்டுக்குப் போய், மாதன் கொடுத்த லாந்தரைத் திரும்பக் கொடுங்கள் என்று கேட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. பரிசம் வந்த வழியே திரும்பிப் போனால் இங்கே கல்யாணம் அறுந்தது என்று அர்த்தம். கோர்ட்டும் வேண்டாம், கச்சேரியும் வேண்டாம். சின்னையன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "மாதன் அனுப்புனானுங்களா?" என்றார். மாதன் இல்லை, கம்பெனி கேட்கிறது என்றேன். "கம்பெனிங்கறவரு மாதனுக்கு என்ன முறை வேணுமுங்க? பெரியப்பனா, சித்தப்பனா?" என்றார்.

நான் நடந்து திரும்புவதற்குள் மாதன் பெண்டாட்டியைத் தள்ளி வைத்துவிட்டான் என்ற பேச்சு எனக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்துவிட்டது. அவன் பெண்டாட்டி மயிலம்மாள் என் கடை வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். மாதன் பக்கத்தில் நின்று, "ஏனுங்க கடைக்காரரே, எம்பொண்டாட்டிய நான் எப்பங்க வேண்டாம்னேன்?" என்கிறான். கையில் கொடுவாள். விறகுக்குப் போகிறவன் கையில் கொடுவாள் இருப்பது வழக்கம்தான், இருந்தாலும் நான் அதைக் கவனித்தேன். இதற்குள் அந்தப் பக்கம் சின்னையன், தன் மகள் வாழ்வு அறுந்துபோகவில்லை என்று நாலு பேர் பார்க்கட்டும் என லாந்தரை ஏற்றி வாசலில் தொங்கவிட்டுவிட்டார். அதைப் பார்த்து, பரிசத்தில் லாந்தர் வாங்கியிருந்த மற்ற மாமனார்களும் ஏற்றிவிட்டார்கள். அதுவரை அழகுக்கு உறியில் தொங்கிக்கொண்டிருந்த லாந்தர்கள், ஆபத்து என்று கம்பெனி சொன்ன பிறகுதான் முதல் முதலாக எரிய ஆரம்பித்தன.

ஓடிப்போய் ஊர்க் கவுண்டர் சென்றாயக் கவுண்டர் காலில் விழாத குறையாகச் சொன்னேன். அவர் கூட்டம் போட்டார். முதலில் கம்பெனி எந்த வகையறா என்று வெகுநேரம் பேசினார்கள். பிறகு கவுண்டர் சொன்னார்: "வெறுங்கையோட போயி வாங்குனாத்தானுங்க அறுந்துபோகும். புதுசக் குடுத்துட்டுப் பழச வாங்குனா அது மறுசீரு." அவ்வளவுதான், எல்லாருக்கும் திருப்தி. ஆனால் மறுசீர் என்றால் சும்மா போக முடியுமா? மருமகனை முன்னால் விட்டு, வெற்றிலை பாக்கு வைத்து, மேளம் அடித்துக்கொண்டு போக வேண்டும், போன வீட்டில் கை நனைக்காமல் வரக் கூடாது. வீட்டுக்கு வீடு சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். என் வேட்டி இப்போது இடுப்பில் சுற்றப் போதவில்லை. மயிலம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு, புது லாந்தரில் கண்ணாடி பெரிசு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

ஒரே ஒரு இடத்தில் காரியம் வேறு விதமாகப் போயிற்று. ராசப்பன் பெண்டாட்டி அத்தாயி கொஞ்ச நாளாக அப்பன் வீட்டில்தான் இருந்தாள். நான் கேட்கப் போவதற்கு முன்பே லாந்தரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்து, "இந்தாங்க, முடிஞ்சுதுங்க" என்று வைத்துவிட்டாள். புதுசு வாங்கிக்கொள் அம்மா என்றால், "நீங்க குடுத்து நான் வாங்குனா, கம்பெனிகூடவா போயி வாழுவேன்? அந்த மனுசன் வாயத் தொறந்து பேசறது காளைமாட்டோட மட்டுந்தானுங்க. குடுத்தவரே வந்து குடுக்கட்டும்" என்றாள். கவுண்டரும் அதுதான் நியாயம் என்றுவிட்டார். ராசப்பன் புது லாந்தரை மடியில் வைத்துக்கொண்டு அவள் அப்பன் வாசலில் உட்கார்ந்து பேசப் பழகிக்கொண்டிருக்கிறான். நேற்று ரெண்டு வார்த்தை வந்ததாகக் கேள்வி.

ஆகவே கம்பெனியாருக்கு என் யோசனை என்னவென்றால், இனிமேல் விற்கிறபோது வாங்குகிறவர் யார் என்று கேட்டுப் பிரயோஜனமில்லை. யாருக்குக் கொடுக்கப் போகிறார் என்று கேட்க வேண்டும். கேட்டால் வெட்கப்படுவார்கள், ஆனாலும் சொல்லிவிடுவார்கள். நான் இப்போதே அப்படிக் கேட்டுத்தான் விற்கிறேன். எங்கே என்ன பழுது என்றாலும் நேரே அந்த வீட்டு வாசலுக்குப் போகலாம், இடையில் யாருடைய கல்யாணத்தையும் மிதிக்க வேண்டியதில்லை.

எல்லா லாந்தரும் வந்து சேர்ந்துவிட்டன. ஒரு கூரைக்கும் சேதமில்லை. எண்ணெயை வடித்து, வைக்கோல் சுற்றி மூட்டை கட்டியாயிற்று. சுமைக்காரர்கள் புளியஞ்சோலை வழியாக இறக்கித் துறையூரில் வண்டியேற்றுவார்கள். ஒன்றும் குறையவில்லை, தங்கள் உத்தியோகத்துக்கு இனிப் பயமில்லை. அறப்பளீஸ்வரர் கிருபையால் தாங்கள் மென்மேலும் உயர்ந்து, என் மகளோடு சகல சம்பத்துடனும் நெடுங்காலம் விளங்க வேண்டும் என்று வாழ்த்தும்

தங்கள் அன்புள்ள மாமனார்,
மாணிக்கம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது சுமைக்காரன் வந்து, மூட்டையில் ஒரு லாந்தர் கூடுதலாக இருக்கிறது என்றான். பிரித்துப் பார்த்தேன். தாங்கள் கல்யாணத்துக்குப் பரிசத்தோடு கொண்டுவந்தீர்களே, அந்தப் பெரிய லாந்தர். அம்சவேணி பளபளவென்று துடைத்து, வைக்கோல் சுற்றி வைத்திருக்கிறாள். "இது நல்ல லாந்தர் கண்ணு, இதைக் கம்பெனி கேக்கலையே" என்றேன். "தெரியுமுங்கப்பா. என்னையுந்தான் அவரு கேக்கலை" என்றாள். அவள் இந்த மலையில் பிறந்து வளர்ந்தவள், இங்கே எதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுமையை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. மூட்டை இறங்கிவிட்டது. பதில் லாந்தரைச் சுமைக்காரனிடம் கொடுத்தனுப்ப வேண்டாம், வாங்க மாட்டாள். தாங்களே மலை ஏறி வருகிற வரைக்கும், மேலே மாப்பிள்ளை என்று வருகிற இடத்தையெல்லாம் மையால் அல்ல, பென்சிலால் எழுதியதாக வைத்துக்கொள்ளவும்.