மிளகாய் நெடியில எடுத்த எங்க முதல் கேசட்

அன்னிக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். எங்க கேசட்டுக்கான கடைசிப் பாட்டை மூணு பேரும் சேர்ந்து பாடி, வாசிச்சு முடிக்கணும்.

எண்பதுகள்ல நாங்க ஒரு பங்க் ராக் பேண்ட் வச்சிருந்தோம். கிட்டாருக்கு சேவியர், டிரம்ஸுக்கு குமார், பாடத் தெரியும்னு நம்பிக்கிட்டிருந்த நான். உலகத்தையே எரிச்சிடுற மாதிரி கத்துவோம். ஆனா பாட்டெல்லாம், ஈசூன் பஸ் ஸ்டாப்புல எங்களைத் திரும்பிப் பார்க்காத பொண்ணுங்களைப் பத்திதான்.

மறுநாள் காலைல குமார் நேஷனல் சர்வீஸ்னு கட்டாய ராணுவப் பயிற்சிக்குப் போறான். இன்னிக்கு முடிக்கலன்னா கேசட்டே கிடையாது.

ஸ்டுடியோ, சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால ஒரு கடைவீட்டு மாடியில. அதை நடத்துற ராமன் அண்ணன் பக்திப் பாட்டாவே பதிவு பண்ணிப் பழகினவர். எங்க முதல் பாட்டைக் கேட்டதும் மெஷின்ல கோளாறுன்னு ஒயரையெல்லாம் பிடுங்கி மாட்டினார். கோளாறு நாங்கதான்னு அவருக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆச்சு.

ஃபேன் சத்தம் மைக்குல விழுமாம். அதனால அதை அணைச்சிட்டு, ஜன்னலைத் திறந்து வச்சோம். அவ்வளவு புத்திசாலிங்க நாங்க.

கடைசிப் பாட்டை ஆரம்பிச்சதும் கீழ மாவு மில் ஓட ஆரம்பிச்சது. உங்க கிட்டாரை விட அது கொஞ்சம் சுருதியாத்தான் இருக்கு, ஓடட்டும்னு சொல்லிட்டார் ராமன் அண்ணன்.

ஆனா அன்னிக்கு அரைச்சது மாவு இல்ல. காய்ஞ்ச மிளகாய்.

நெடி மாடிக்கு ஏறுச்சு. நான் கீழ இறங்கி, மில் நடத்துற அக்காகிட்ட கெஞ்சினேன்.

"அக்கா, மேல ரெக்கார்டிங் நடக்குது. கொஞ்சம் நிறுத்துறீங்களா?"

"ரெக்கார்டிங்கா? யாரோ அடிச்சுக்கிறாங்கன்னு நினைச்சேன் லா. இது கல்யாண ஆர்டர் தம்பி. உன் பாட்டு வரலன்னா யாராச்சும் பட்டினி கிடப்பாங்களா?"

நியாயமான கேள்வி.

திரும்ப மேல வந்து ஜன்னலைச் சாத்தினோம். நெடியும் எங்களோட உள்ளேயே மாட்டிக்கிச்சு. வேற வழியில்லாம பாடினேன். "என்னை விட்டுப் போகாதே"ன்னு உச்சத்துல கத்த வேண்டிய இடத்துல மூச்சை இழுத்தேன். அவ்வளவுதான். விக்கி, இருமி, மூக்கு ஒழுக, வார்த்தை வார்த்தையா அந்த வரியை முடிச்சேன். குமார் கண்ணை மூடிக்கிட்டே அடிச்சான். சேவியர் தும்மினது தாளத்தோட கச்சிதமா சேர்ந்துச்சு.

ராமன் அண்ணன் துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டே, இன்னிக்குத்தான் நீ உணர்ச்சியோட பாடினேன்னு சொன்னார். இன்னொரு தடவை எடுக்கலாம்னு நான் அழாத குறையா கேட்டேன். அதுக்குள்ள குமாரோட அப்பா வந்து, முடி வெட்டணும்னு பையனை இழுத்துட்டுப் போயிட்டார்.

கேசட் வந்துச்சு. மத்த பாட்டையெல்லாம் யாரும் சீண்டல, அந்தக் கடைசிப் பாட்டைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாங்க. சமூக மன்றத்துல ஒரு ஷோ முடிஞ்சப்போ புக்கிட் பாத்தோக்ல இருந்து வந்த ஒருத்தர் என் கையைப் பிடிச்சுக்கிட்டார்.

"கேசட்ல உடைஞ்சு அழுதீங்களே பிரதர், அந்த ஃபீலிங் இன்னிக்கு வரலயே. ஏன்?"

அடுத்த ஷோவுக்கு கிட்டார் கம்பியோட சேர்த்து ஒரு பாக்கெட் மிளகாய்த்தூளும் வாங்கினேன்.